பதிவேட்டில் இல்லாத வெயில்

எடை போடுவதற்கு முன்னால் ஒரு ஃபில்டர் இருபத்து நான்கு மணி நேரம் சும்மா கிடக்க வேண்டும். எங்கள் வேலையில் அதுதான் முதல் விதி. காற்றிலிருக்கும் துகள்களைப் பிடித்து வைக்கிற அந்த வட்டத் தாள், ஈரத்தைக் குடித்தால் கனக்கும், காய்ந்தால் இளைக்கும். அதனால் அளவான சூட்டில், அளவான ஈரப்பதத்தில், மூடியில்லாத தட்டில் ஒரு நாள் கிடந்து நிலைக்கு வந்த பிறகுதான் அது தராசில் ஏறலாம். மனிதர்களுக்கு இப்படி ஒரு விதி கிடையாது. வந்த சூட்டோடு எடை போட்டுத் தள்ளிவிடுவார்கள். என் அண்ணனை அப்படி நான்கு முறை எடை போட்டார்கள்.

நான் ஒரு காற்று ஆய்வு நிலையத்தில் எடையறைக்காரி. இருபது வருடமாக அதே அறை, அதே இடுக்கி, அதே பதிவேடு. ஓர் உப்புக்கல்லை நூறாக உடைத்து அதில் ஒன்றை வைத்தாலும் எங்கள் தராசு எடை காட்டும். இதை ஒருநாள் பெருமையாக வீட்டில் சொல்லித் தொலைத்தேன். அன்றிலிருந்து அண்ணனுக்கு நான் 'தராசு'தான். "தராசு, தண்ணி கொண்டா", "தராசு, எம் மூச்சை எடை போட்டுச் சொல்லு, எவ்வளவு மிச்சம்னு பாப்போம்" என்பான். அவன் கேலி பேசாத நாள் என்றால் அன்று அவனுக்குப் பேச மூச்சில்லை என்று அர்த்தம்.

அவன் ஒரு மரப்பண்ணையில் பதினோரு வருடம் இரவுக் காவலாளியாக இருந்தான். பண்ணைக்குக் கீழே ஒரு பள்ளம், பள்ளத்தில் லாரி நிறுத்துமிடம். குளிர்பெட்டி லாரிகள் இரவு முழுக்க இன்ஜினை அணைக்காமல் நிற்கும். மரமும் லாரியும் சந்திக்கிற விளிம்பில்தான் காவலாளியின் அறை. நான்கு பக்கமும் தகரம், ஒரு நாற்காலி, ஒரு டார்ச்.

"ராத்திரி ஒரு மணிக்கு மேல காத்து கனமாயிடும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். "பிசின் வாசனையும் புகையும் கலந்து வேற ஏதோ ஒண்ணு வரும். தொண்டையில வந்து உக்காந்துக்கும், எழுந்திருக்காது. டார்ச் அடிச்சா வெளிச்சத்துல தெரியும், பால்ல தண்ணி ஊத்தினாப்ல. வெயில் வந்து ரெண்டு மணி நேரத்துல இருந்த இடம் தெரியாது."

நிர்வாகத்துக்கு எழுதிப் போட்டான். மேலே எழுதினான். அதற்கும் மேலே எழுதினான். நான்கு முறை அளக்க வந்தார்கள். நான்கு முறையும் காலை பதினொரு மணிக்கு வந்தார்கள். வெயிலில் நின்று, தொப்பி போட்டுக்கொண்டு, காற்று தூய்மையாக உள்ளது என்று எழுதினார்கள். நான்காவது அறிக்கையில் கூடுதலாக ஒரு வரி இருந்தது: புகார்தாரரின் முந்தைய புகைப்பழக்கமும் கருத்தில் கொள்ளத்தக்கது. அண்ணன் இருபது வயதில் ஒரு பெண்ணின் கண்ணில் படுவதற்காக நான்கு மாதம் சிகரெட் பிடித்தான். அந்தப் பெண்ணும் கிடைக்கவில்லை, இந்தப் பழியும் போகவில்லை.

நுரையீரல் இறுகிப்போய்விட்டது என்றார் மருத்துவர். காற்றால் வந்ததா என்று கேட்டேன். "இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்" என்றார். இன்னும் எவ்வளவு நாள் என்று கேட்டேன். "அடுத்த குளிர்காலம்..." என்று ஆரம்பித்து, முடிக்காமல், மருந்துச் சீட்டை எழுதத் தொடங்கினார். நான் அந்த வாக்கியத்தை அண்ணனிடம் சொல்லவில்லை. அவனே முடித்துக்கொண்டான் என்று நினைக்கிறேன். ஏனென்றால் அன்று மாலை அவன் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"நான் பொய் சொல்லலன்னு ஒரு தாள்ல எழுதி, ஒரு முத்திரை குத்திக் குடுத்தாப் போதும். சுவத்துல மாட்டிட்டு நிம்மதியாப் போயிடுவேன்."

அவன் சொன்னதை முதலில் நம்பியது எங்கள் நிலையத்துக்குப் புதிதாக வந்த வேதியியல் ஆய்வாளர். ஐம்பது வயதுப் பெண்மணி. சிரித்துப் பார்த்தவர்கள் இல்லை. நான் டீ குடிக்கிறபோது ஏதோ ஆற்றாமையில் அண்ணன் கதையைப் புலம்பினேன். அவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

"வெயில் வந்தா மறையுதுன்னு சொன்னாரா? அவரா சொன்னார், இல்ல நீ சேத்துக்கிட்டியா?"

"பதினோரு வருஷமா அதைத்தான் சொல்றான் மேடம்."

அவர் எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். மரங்கள் இரவிலும் வாசனை விட்டுக்கொண்டிருக்கின்றன. லாரிப் புகையிலிருக்கும் வாயு இருட்டில் வேறொரு முரட்டு ஆளாக மாறுகிறது. பகலில் அந்த ஆளுக்கு ஆயுள் கிடையாது, வெயில் பட்டால் போய்விடுவான். இருட்டில் அவன் மரத்தின் வாசனையைப் பிடித்து உலுக்க, அது கண்ணுக்குத் தெரியாத துகள்களாக உறைகிறது. அந்தத் துகள்களிலும் வெயில் பட்டால் உடைகிற கொக்கிகள் இருக்கின்றன. காலையில் கொஞ்சம் ஆவியாகிவிடும், கொஞ்சம் வேறொன்றாக மாறிவிடும்.

"வெயில் அதைச் சுத்தம் பண்ணாது. உருவத்தை மாத்திடும், அவ்வளவுதான்" என்றார். "பதினோரு மணிக்குப் போய் அளந்தா, ராத்திரி அங்க யார் இருந்தாங்கன்னு எப்படித் தெரியும்?"

அவர்தான் மேலே எழுதி, கெஞ்சி, சண்டை போட்டு, அண்ணனின் புகாரை விசாரிக்கிற குழுவை ஒரு குளிர்காலம் முழுக்க இரவுக் காற்றை அளக்கச் சம்மதிக்க வைத்தார். ஒரே ஒரு குளிர்காலம்தான். அது முடிந்ததும் மரங்களை வெட்டி அந்த இடத்தை வேறு வேலைக்கு எடுக்கப்போகிறார்கள். மறுபடி அளக்க மரம் இருக்காது. அண்ணனும் இருப்பான் என்று சொல்ல முடியாது.

அறுபத்து நான்கு இரவுகள். அண்ணனுடைய பழைய அறைக்குப் பக்கத்தில் பம்பு வைத்தோம். இப்போதிருக்கும் காவலாளி விடிவதற்கு முன்னால் ஃபில்டரை எடுத்து, அலுமினியத் தாளில் மூன்று சுற்று சுற்றி, ஐஸ் பெட்டிக்குள் வைத்து, பூட்டுப் போடுவான். வண்டியில் பெட்டியின் மேல் கறுப்புப் போர்வை. வெளிச்சமே படக் கூடாது என்று வேதியியல் மேடம் ஓட்டுநருக்குச் சொல்லிச் சொல்லி, அவன் அவரைக் கண்டாலே போர்வையைத் தொட்டுக் காட்ட ஆரம்பித்துவிட்டான். காலை எட்டரைக்குப் பெட்டி என் கைக்கு வரும். நான் தாளைப் பிரித்து, ஃபில்டரைத் திறந்த தட்டில் வைத்து, அடுக்கில் ஏற்றுவேன். இருபத்து நான்கு மணி நேரம் அது அங்கே கிடக்கும். மறுநாள் எடை போட்டு ஃப்ரீசரில் வைத்தால், அதற்குப் பிறகு மேடம் தன் கருவியில் கரைத்துப் பார்ப்பார்.

என் அறை உண்மையில் இரண்டு அறை. வெளியே அடுக்கு இருக்கும் அறை, உள்ளே தராசு இருக்கும் சின்னக் கூண்டு. வெளி அறை ஒரு காலத்தில் யாருடைய அலுவலகமாகவோ இருந்திருக்கிறது. கிழக்குப் பக்கம் ஒரு ஜன்னல். அதில் கனமான கறுப்புத் திரை. சுவரில் இரண்டு காட்டிகள், ஒன்று வெப்பத்துக்கு, ஒன்று ஈரப்பதத்துக்கு. பதிவேட்டிலும் இரண்டே கட்டம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இரண்டையும் எழுத வேண்டும். இருபது வருடம் அந்த இரண்டு முட்களையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தவள் நான். வெளிச்சத்துக்கு அந்தப் பதிவேட்டில் கட்டம் கிடையாது. எடைக்கு வெளிச்சம் ஒரு பொருட்டில்லை, அதனால் யாரும் போடவில்லை. எனக்கும் தோன்றவில்லை. வழியெல்லாம் மூன்று சுற்றுத் தாளில் வந்த பொருளை நானே பிரித்து வைக்கிறேன், அதற்கு மேல் அதைக் காப்பது ஒரு பழைய திரைதான் என்பது எனக்குத் தோன்றவேயில்லை.

அந்த அறைக்குள் அண்ணனை நான்தான் கொண்டுவந்தேன்.

எங்கள் வீடு மூன்றாவது மாடி. காலையில் நான் கிளம்பினால் மாலைவரை அவன் தனி. இரவு அளவு தொடங்குவதற்கு முந்தின வாரம் ஒருநாள் திரும்பி வந்தபோது, மாத்திரை டப்பா கை நழுவிக் கட்டிலுக்கு அடியில் போயிருக்க, குனிந்து எடுக்க முடியாமல் நான்கு மணி நேரமாக அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "ரெண்டு பேரும் முறைச்சுக்கிட்டே இருந்தோம், அதுதான் ஜெயிச்சுச்சு" என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாளிலிருந்து அவனைக் கைத்தாங்கலாக இறக்கி என்னோடு கூட்டிப் போனேன். வாசல் காவலாளி பழைய ஆள், கண்டுகொள்ளவில்லை. அடுக்கு அறையின் மூலையில் ஒரு நாற்காலி போட்டேன். வெளியாள் நுழையக் கூடாத அறை அது. மூச்சில் ஈரம் இருக்கும் என்பதுதான் காரணம். நான் முதல் நாள் முழுக்க ஈரப்பதக் காட்டியையே பார்த்தேன். அரைப் புள்ளி ஏறியது, அவ்வளவுதான். அனுமதித்த எல்லைக்குள் இருந்தது. பதிவேட்டில் எழுதினேன். மனசு லேசானது.

"எம் மூச்சுல ஈரம்கூட இல்லியா? அட, வறண்டு போச்சா?" என்றான் அண்ணன்.

ஒன்பது மணிக்கு நான் கூண்டுக்குள் போனால் பதினொன்று வரை வெளியே வர மாட்டேன். கதவைத் திறந்தால் தராசு ஆடும். அந்த இரண்டு மணி நேரம் அவன் அங்கே தனியாக இருப்பான். நான் வெளியே வரும்போது அவன் முகம் தெளிந்திருக்கும். கன்னத்தில் கொஞ்சம் நிறம்கூட இருக்கும். "இங்கதான் தராசு எனக்கு மூச்சு விட முடியுது" என்பான். ஏசியில் வடிகட்டின காற்று ஒத்துக்கொள்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

குளிர்காலம் முடிந்தது. விசாரணைக்கு ஒன்பது நாள் இருக்கும்போது வேதியியல் மேடம் ஒரு தாளோடு வந்து என் மேஜை முன்னால் நின்றார்.

"அறுபத்து நாலுல அம்பத்தொம்போது படுத்துக்கிச்சு. நான் தேடுற பொருள் இருக்கவேண்டியதுல கால்வாசிகூட இல்ல. இதைக் கொண்டுபோய் வெச்சா, உங்க அண்ணன் சொன்னது பொய்னு நாமே எழுதிக் குடுத்த மாதிரி ஆயிடும்."

நான் தாளை வாங்கிக்கொண்டேன். "பாக்கி அஞ்சு?"

"அதான் புரியல. அஞ்சும் கூரையைப் பிச்சுக்கிட்டுப் போகுது. நான் எதிர்பார்த்ததைவிட அதிகம். அதுவும் வரிசையா அஞ்சு நாள். அந்த அஞ்சு ராத்திரி மட்டும் அங்க என்ன நடந்துச்சு? லாரி அதிகமா? காத்து அடிக்கலியா? விசாரிச்சுப் பாத்துட்டேன், ஒண்ணும் இல்ல."

தாளில் தேதிகளைப் பார்த்தேன். அவற்றைப் பதிவேட்டில் தேட வேண்டிய தேவை எனக்கு இல்லை. அந்த ஐந்து நாளும் அண்ணன் ஆஸ்பத்திரியில் இருந்தான். இரவு அவன் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்துவிட்டு, காலையில் நேராக வேலைக்கு வந்தேன். மூலையில் நாற்காலி காலியாக இருந்தது.

அங்கே ஒன்றும் நடக்கவில்லை. இங்கேதான் ஏதோ நடந்திருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. என்னவென்று தெரியவில்லை. மேடமிடம் ஒன்றும் சொல்லாமல் தாளைத் திருப்பிக் கொடுத்தேன்.

மறுநாள் வழக்கம்போல ஒன்பது மணிக்குக் கூண்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். பத்து நிமிடம் நின்றேன். சத்தமில்லாமல் திறந்தேன்.

திரை ஒரு முழம் விலகியிருந்தது. சாய்ந்து வந்த காலை வெயில் ஒரு பட்டையாக உள்ளே விழுந்து அண்ணன் முகத்தின் மேல் கிடந்தது. அவன் கண்ணை மூடி, தலையைப் பின்னால் சாய்த்து, வாயைக் கொஞ்சம் திறந்து வைத்திருந்தான். குளித்துவிட்டு வந்த குழந்தை மாதிரி இருந்தான். வெயில் அவனோடு நிற்கவில்லை. அவன் தோளைத் தாண்டி அடுக்கின் மேல் ஏறி, வேறு இடங்களிலிருந்து வந்து அன்று அங்கே கிடந்த திறந்த தட்டுகள் அத்தனையையும் நனைத்துக்கொண்டிருந்தது.

கூண்டுக் கதவைப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டேன்.

"அண்ணா."

திடுக்கிட்டுக் கண் திறந்தான். திருடின பையன் மாதிரி திரையைப் பிடித்தான். "அதுக்குள்ள வந்துட்டியா?"

"எத்தனை நாளா?"

"என்ன எத்தனை நாளா?"

"திரை."

"தினமும்தான். ஏன், முகத்தை இப்படி வெச்சிருக்க? பயப்படாத, நான் பாத்துக்கிட்டேதான் இருக்கேன்." சுவரிலிருந்த வெப்பக் காட்டியைக் காட்டினான். "முள்ளு அரை டிகிரி ஏறினா மூடிடுவேன். இதுவரைக்கும் ஏறினதே இல்ல. ஏசி ஜோராப் பாத்துக்குது. நீ வர்றதுக்கு முன்னாடி மூடிடுவேன், திட்டுவியேன்னு." மூச்சு வாங்கிக்கொண்டான். "பதினோரு வருஷம் விடியறதுக்காகவே காத்துக்கிட்டிருந்தவன் தராசு நான். வெயில் மூஞ்சில படும்போதுதான் தப்பிச்சோம்னு இருக்கும். அந்தப் பழக்கம் போகல."

இருவரும் ஒரே முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறோம். அவனும் கவனமாக, நானும் கவனமாக. யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் என் மேலேயே கோபப்பட்டேன். அவனிடம் என்ன சொல்வது? உன்னைக் காப்பாற்ற வந்த வெயில்தான் உன் சாட்சியைத் தின்றுவிட்டது என்றா? "சளி பிடிக்கப்போகுது" என்றேன். வாயில் வந்தது அதுதான்.

"வெயில்ல யாருக்குடி சளி பிடிக்கும்?" என்று சிரித்தான்.

அன்று மதியம் மேடமிடம் போய், திரையைத் திறந்து வைத்தது நான்தான் என்று சொன்னேன். வெளிச்சத்துக்காகத் திறப்பேன், அடுக்கு மேல் படும் என்று யோசிக்கவில்லை என்றேன்.

அவர் பேனாவை மூடி வைத்தார். "மூலையில ஒரு நாற்காலி போட்டிருக்கியே..."

"நான்தான் மேடம்."

"அந்த அஞ்சு நாள்?"

"மறந்துட்டேன். திறக்கல."

அவருக்குத் தெரிந்துவிட்டது. எனக்கும் அது தெரிந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதற்குப் பிறகு அவர் பேசியது வேலையை மட்டும்தான். வெயில் பட்ட ஐம்பத்தொன்பதையும் ஒதுக்கிவிடலாம். படாத ஐந்தும் இருக்கின்றன. இருட்டில் இருந்தது இவ்வளவு, வெயில் பட்டது இவ்வளவு என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால், இரவில் உண்டாவது பகலில் அழிகிறது என்பதற்கு அதுவே ஒரு சாட்சி. முழுத் தீர்ப்பு வராது. மரம் வெட்டுவதை ஒரு வருடம் தள்ளி வையுங்கள், மறுபடி அளக்கிறோம் என்று கேட்கலாம்.

"அதுக்கு ஒரு கண்டிஷன்" என்றார். "திரை ஏன் திறந்திருந்துச்சுன்னு கேப்பாங்க. நீ இப்ப எங்கிட்ட சொன்னதை அங்க மாத்தாம சொல்லணும். இந்த வேலை உனக்கு இருக்காது."

"பரவாயில்ல மேடம்."

அண்ணனிடம், விசாரணைக்கு நீ வர வேண்டாம், கூட்டம், தூசி, படிக்கட்டு என்று நூறு காரணம் சொன்னேன். ஐந்து ஃபில்டர் நன்றாக வந்திருக்கிறது என்று மட்டும் சொன்னேன். மற்றதை ஏன் சொல்கிறேன்?

விசாரணை நடந்த அறையில் நீளமான மேஜை, வரிசையாகத் தண்ணீர் பாட்டில்கள். தலைவர் வயதானவர், பொறுமையாகக் கேட்பவர். எதிரே பண்ணை நிர்வாகத்தின் அதிகாரி, சின்ன வயசு, நல்ல மரியாதை. மேடம் பேச ஆரம்பித்துக் கால் மணி நேரம் இருக்கும். பின்னால் கதவு திறந்தது. திரும்பிப் பார்க்காமலே அந்த மூச்சு யாருடையது என்று தெரிந்தது. மூன்று மாடியைத் தனியாக இறங்கி, எப்படியோ வந்து சேர்ந்திருக்கிறான். சலவைச் சட்டை போட்டிருந்தான். கடைசி வரிசையில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக் கண்ணடித்தான்.

மேடம் இரண்டு கோடுகள் வரைந்த தாளைக் காட்டினார். தலைவர் முன்னால் குனிந்து பார்த்தார்.

"அப்போ வெயில் படாம வெச்ச இந்த அஞ்சும், காவலாளி சொன்னதைத்தான் சொல்லுதா?"

"ஆமாங்க. அவர் சொன்னதை அப்படியே சொல்லுது."

"ராத்திரி இருக்கு, காலையில இல்ல."

"ஆமாங்க."

நான் அண்ணனைத் திரும்பிப் பார்த்தேன். அவன் உதடு அசைந்தது. 'ராத்திரி இருக்கு, காலையில இல்ல' என்று தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டான். தன் வாக்கியம் இன்னொருவர் வாயிலிருந்து வருவதை அவன் கேட்டது அதுதான் முதல் தடவை. அந்த ஒரு நிமிடத்துக்காக நான் எந்தப் பொய்யும் சொல்லத் தயாராக இருந்தேன்.

அதிகாரி எழுந்தார். "மத்த அம்பத்தொம்போது மேல எப்படி வெயில் பட்டுச்சு?"

"என் கவனக்குறைவுங்க" என்றேன். "திரையை நான்தான் திறந்து வெச்சேன்."

"எத்தனை வருஷமா இந்த வேலையில இருக்கீங்க?"

"இருபது."

"இருபது வருஷத்துல இப்படி நடந்திருக்கா?"

"இல்லீங்க."

"அம்பத்தொம்போது நாள் கவனக்குறைவு, நடுவுல அஞ்சு நாள் மட்டும் கவனம். அது எப்படிம்மா?" குரலை உயர்த்தவில்லை. "வேலையே தெரியாதவங்களா நீங்க, இல்ல எங்களுக்குத் தெரியக்கூடாதது ஏதாவது இருக்கா?"

மேடம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதிகாரி விடவில்லை. இப்படிப்பட்ட ஆளை எடையறையில் வைத்திருக்கிற நிலையத்தின் எந்த எண்ணை நம்புவது என்று கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். இதையெல்லாம் எதிர்பார்த்துத்தான் வந்திருந்தேன். இன்னும் ஐந்து நிமிடம் திட்டிவிட்டு உட்கார்ந்திருப்பார். ஐந்து ஃபில்டரும் அப்படியே மேஜை மேல் இருந்திருக்கும்.

"அவ மேல தப்பில்லீங்க."

நான் திரும்பி, வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். அண்ணன் முன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். என்னைப் பார்க்கவில்லை. திரை, வெயில், ஐந்து நாள் என்று மேடம் பேசியதைக் கேட்டபோதே அவனுக்கு எல்லாம் புரிந்திருக்க வேண்டும். ஒரு வாக்கியத்தை மூன்று மூச்சில் சொன்னான்.

"திரையைத் திறந்தது... நான்தாங்க. தினமும்... வெயிலுக்காக. அவளுக்குத் தெரியாது. அந்த அஞ்சு நாள்... நான் ஆஸ்பத்திரியில இருந்தேன்."

அறையில் பேனா வைக்கிற சத்தம் கேட்டது. தலைவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "நீங்க ஃபில்டர் இருந்த அறையிலயா இருந்தீங்க?"

"ஆமாங்க."

"இவங்க உங்களுக்கு..."

"தங்கச்சிங்க."

அதிகாரி மெதுவாகக் கோப்பை மூடினார். "ஐயா, நான் கேக்க ஒண்ணுமில்ல. புகார் குடுத்தவர் தினமும் சாம்பிள் பக்கத்துல உக்காந்திருக்கார். அவர் இல்லாத அஞ்சு நாள், அவர் தங்கச்சி மட்டும் தனியா இருந்த அஞ்சு நாள்தான், அளவு ஏறியிருக்கு. வேலியே பயிரை மேஞ்ச கதையா இருக்கு."

மேடம் எழுந்து வேகமாகப் பேசினார். இருட்டு, கொக்கி, வேதியியல், இன்னொரு குளிர்காலம். அவர் சொன்னது அத்தனையும் உண்மை. யாரும் அவரைப் பார்க்கவில்லை. எல்லோரும் அண்ணனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அறுபத்து நான்கும் செல்லாது என்று தலைவர் வருத்தத்தோடுதான் சொன்னார். ஆதாரங்கள் இருந்த இடத்துக்குப் புகார்தாரர் சென்றுவந்தது அவர் வாக்குமூலத்தாலேயே உறுதியாகிறது என்று எழுதச் சொன்னார். முத்திரை குத்தினார்கள். அதன் ஒரு பிரதியை அண்ணன் கையில் கொடுத்தார்கள்.

பதினோரு வருடம் அவன் சொன்ன எதையும் யாரும் நம்பவில்லை. இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் அத்தனை பேரும் கேட்ட மாத்திரத்தில் நம்பினார்கள்.

அவனைக் கைத்தாங்கலாக வீட்டுக்குக் கூட்டி வந்தேன். மாடிப்படியில் ஒவ்வொரு திருப்பத்திலும் நின்றோம். இரண்டாவது மாடியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல தராசு, வாயை மூடிக்கிட்டு இருந்திருப்பேனே" என்றான். நான் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதேன். அவன் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

மறுநாள் எனக்கு வேலைக்குப் போக வேண்டியிருக்கவில்லை. காலையில் ஜன்னலோரம் அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு, திரையை முழுக்க விலக்கினேன். நல்ல வெயில் வந்தது. அவனைக் கொண்டுவந்து உட்கார வைத்தேன். வெயில் அவன் முழங்காலில் விழுந்து, மெல்ல நெஞ்சுக்கு ஏறியது. முகத்துக்கு வருவதற்குள் தலையைத் திருப்பிக்கொண்டான்.

"மூடிடு" என்றான்.

நான் திரையை மூடினேன்.